வீட்டு விளக்கும் டிம்மரும்: வேலூர் வட்டாரத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு என்று இன்றும் பேச்சில் வழங்கும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் புது வீடு கட்டுவோரும், பழைய வீட்டின் வயரிங்கைப் புதுப்பிப்போரும் விளக்குகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேள்விகள் பெரும்பாலும் விளக்கின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டிம்மரில்தான் தொடங்குகின்றன. பதில்களோ விளக்கை எங்கே பொருத்துவது என்பதில் போய் நிற்கின்றன. தவறான இடத்தில் பொருத்திய விளக்கின் ஒளியை டிம்மர் குறைக்குமே தவிர, அந்த ஒளியை வேண்டிய இடத்தில் விழச் செய்யாது.

டிம்மர் உள்ளே என்ன செய்கிறது?

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். அது ஒரு நொடியில் 100 முறை சுழியைத் தொட்டுத் திசை மாறுகிறது. ஒவ்வோர் அரைச் சுற்றும் 10 மில்லிநொடி நீடிக்கிறது. டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்னும் குறைகடத்திச் சுவிட்ச், ஒவ்வோர் அரைச் சுற்றின் தொடக்கத்தையும் விட்டுவிட்டு, குமிழைத் திருப்பிய அளவுக்கு ஏற்பச் சற்றுத் தாமதித்தே மின்சாரத்தை விளக்குக்குள் விடுகிறது. சரியாக 5 மில்லிநொடி தாமதித்தால் அரைச் சுற்றில் பாதி கழிந்து, பாதி ஆற்றலே விளக்குக்குப் போய்ச் சேரும். நொடிக்கு 100 முறை நடக்கும் இந்த அணைப்பும் எரிப்பும் குண்டு பல்பில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் இழை அவ்வளவு விரைவில் ஆறுவதில்லை.

இதற்கு முன் நாடகக் கொட்டகைகளிலும் பெரிய மண்டபங்களிலும் இருந்த டிம்மர்கள், மின்தடையை இடையில் வைத்து, குறைக்க வேண்டிய ஆற்றலை வெப்பமாக எரித்துத் தீர்த்தவை. வீட்டுச் சுவரில் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கும் குறைகடத்தி டிம்மரை அமெரிக்கரான ஜோயல் ஸ்பைரா 1959இல் உருவாக்கி, 1961இல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண டிம்மரின் அடிப்படை அதுவே.

அரைச் சுற்றின் முன்பகுதியை வெட்டுவதை லீடிங் எட்ஜ் என்றும், முன்பகுதியை விட்டுப் பின்பகுதியை வெட்டுவதை டிரெயிலிங் எட்ஜ் என்றும் சொல்கிறார்கள். பின்னதில் டிரையாக்குக்குப் பதிலாக டிரான்சிஸ்டர்கள் வேலை செய்வதால் விலை கூடுதல். ஆனால் மின்னழுத்தம் திடீரென்று பாயாமல் சுழியிலிருந்து மெல்ல ஏறுவதால், எல்.இ.டி. விளக்குகளோடு பெரும்பாலும் அதுவே ஒத்துப்போகிறது.

எந்த எல்.இ.டி. பல்புக்கும் டிம்மர் போடலாமா?

போடக் கூடாது. குண்டு பல்பு ஒரு வெறும் மின்தடை; எவ்வளவு கொடுத்தாலும் அவ்வளவுக்கு எரியும். எல்.இ.டி. பல்பின் அடிப்பகுதிக்குள்ளோ டிரைவர் என்னும் சிறு மின்சுற்று இருக்கிறது. வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருப்பதே அதன் கடமை. மாலை நேரத்தில் லோ வோல்டேஜ் வரும் கிராமங்களில் டியூப்லைட் கண்சிமிட்டிக்கொண்டிருந்த காலம் போய், எல்.இ.டி. பல்பு மட்டும் அசையாமல் எரிவதற்குக் காரணம் இந்த டிரைவர்தான். ஆனால், அதே குணம் டிம்மருக்கு எதிரியாகிறது. டிம்மர் வெட்டி வெட்டி அனுப்பும் மின்சாரத்தை டிரைவர் ஒரு குறையாகக் கருதி ஈடுகட்டப் பார்க்கிறது, முடியாத நிலை வந்ததும் நின்றுபோகிறது, மறுபடியும் தொடங்குகிறது. நமக்கு அது மினுக்கலாகத் தெரிகிறது. இந்நிலையில் நெடுநாள் எரிந்தால் டிரைவரும் கெடும், சில நேரங்களில் டிம்மரும் கெடும்.

டிம்மருக்கென்றே செய்த பல்பின் டிரைவர், அரைச் சுற்றில் எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ப மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அட்டைப் பெட்டியில் 'டிம்மபிள்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு வழங்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய 2015க்குப் பிறகு வீடுதோறும் வந்து சேர்ந்த 9 வாட் பல்புகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. சோக் வைத்த டியூப்லைட்டுக்கும் சி.எஃப்.எல். பல்புக்கும் சாதாரண டிம்மர் ஆகவே ஆகாது.

'டிம்மபிள்' பல்பே வாங்கினாலும் குறைந்தபட்சச் சுமை என்று ஒன்று உண்டு. குண்டு பல்பு காலத்து டிம்மர்கள் 40 வாட், 60 வாட் சுமையாவது இருந்தால்தான் நிலையாக இயங்கும். ஒற்றை 9 வாட் பல்பை அதில் மாட்டினால் டிரையாக் பிடித்து நிற்காமல் நழுவும். உச்சச் சுமையிலும் இதே சிக்கல் உண்டு: 400 வாட் என்று போட்டிருக்கும் டிம்மரில் 400 வாட் அளவுக்கு எல்.இ.டி. விளக்குகளை மாட்ட முடியாது. சுவிட்ச் போட்டவுடன் ஒவ்வொரு டிரைவரும் ஒரு கணம் பெருமளவு மின்னோட்டத்தை இழுப்பதால், எல்.இ.டி.க்கான அளவை உற்பத்தியாளர்கள் தனியாக, மிகக் குறைத்தே குறிப்பிடுகிறார்கள். அந்த எண் அச்சிடப்படாத டிம்மரை வாங்காமல் இருப்பது நல்லது.

என் யோசனை இது: ஹாலுக்கு எட்டு விளக்குகள் தேவையானால், முதலில் இரண்டையும் ஒரு டிம்மரையும் வாங்கி, ஒரு பலகையில் மாட்டி, குமிழை அடிமட்டம் வரை இறக்கிச் சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். அடிமட்டத்தில் மினுக்கினாலோ, அணைத்துப் போட்டால் மறுபடி எரியாமல் அடம்பிடித்தாலோ, அந்த இணையை விட்டுவிட்டு வேறு இணையைத் தேடலாம். எட்டையும் சீலிங்கில் பதித்த பிறகு இந்த ஆராய்ச்சியில் இறங்கினால் செலவு இரட்டிப்பாகும்.

ஃபேன் ரெகுலேட்டரையே விளக்குக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது, விளக்கு டிம்மரை ஃபேனுக்குப் போடவும் கூடாது. ஐந்து படிகளாகத் திரும்பும் இன்றைய ரெகுலேட்டரில் இருப்பவை கெப்பாசிட்டர்கள். அவை மின்விசிறி மோட்டாருக்கென்று கணக்கிட்டு வைத்தவை. எல்.இ.டி. டிரைவரோடு அவற்றைச் சேர்த்தால் விளைவு கணிக்க முடியாததாகிவிடும். டிம்மரில் ஃபேனை மாட்டினால் மோட்டார் உறுமும், சூடேறும். இரண்டும் ஒரே மாதிரிக் குமிழோடு, ஒரே மாடுலர் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதால் பொருத்துபவரே மாற்றி விடுவதுண்டு. மாட்டும்போது அருகில் நின்று பின்பக்க எழுத்தைப் படித்துவிடுங்கள்.

சுவிட்சை அணைத்த பின்னும் பல்பு மங்கலாக எரிகிறதே?

பேய் பிசாசு இல்லை. மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். சுவிட்சில் சிவப்பாக எரியும் சிறு இண்டிகேட்டர் இருந்தால், அதன் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே எல்.இ.டி.யை மினுங்கச் செய்யப் போதும். நீண்ட தூரம் ஒரே பைப்புக்குள் பல வயர்கள் ஒட்டிச் சென்றால், பக்கத்து வயரிலிருந்து தூண்டப்படும் மின்னழுத்தமும் இதைச் செய்யும். இவ்விரண்டும் பெரிய ஆபத்தில்லை.

மூன்றாவது கவனிக்க வேண்டியது: சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் இல்லாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் இருப்பது. அப்படியானால் சுவிட்சை அணைத்த பின்னும் ஹோல்டரில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். குண்டு பல்பு காலத்தில் இந்தத் தவறு வெளியே தெரியாது. எல்.இ.டி. வந்த பிறகு பழைய வீடுகளில் இது ஒவ்வொன்றாக வெளிப்படுவது ஒரு வகையில் நன்மைதான். எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை இறக்கி, இதை உடனே மாற்றிவிட வேண்டும்.

டிம்மர் வைத்தால் பல்பிலிருந்து 'ங்ங்' என்று சத்தம் வருகிறது. ஆபத்தா?

ஆபத்தில்லை. ஒவ்வோர் அரைச் சுற்றிலும் மின்னழுத்தம் திடீரென்று பாய்வதால், டிரைவரில் இருக்கும் சுருளும் கெப்பாசிட்டரும் அதிர்கின்றன. டிரெயிலிங் எட்ஜ் டிம்மருக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அகில இந்திய வானொலியை மீடியம் வேவில் கேட்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், டிம்மர் எரியும்போது ரேடியோவில் இரைச்சல் ஏறுவதையும் கவனித்திருப்பார்கள். காரணம் அதே திடீர்ப் பாய்ச்சல்தான். டிம்மரின் முகப்பு இலேசாகச் சூடாவது இயல்பு. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் சுமை அதிகம் என்று பொருள்.

ஹாலில் ஃபேன் ஓடும்போது வெளிச்சம் படபடவென்று அடிக்கிறது. பல்பை மாற்றினால் போகுமா?

பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை. இது விளக்கு இருக்கும் இடத்தின் குற்றம். வேலூர் வெயிலில் ஆண்டின் பெரும்பகுதி ஃபேன் ஓடாத ஹால் கிடையாது. ஆனாலும் ஃபால்ஸ் சீலிங் வரைபடம் போடுபவர், அறையின் நடுவில் ஃபேனைச் சுற்றி ஒரு சதுரம் போட்டு, அதன் நான்கு மூலையிலும், சீலிங்கில் பதித்துக் கீழ்நோக்கி எரியும் டவுன்லைட்டுகளை வைத்துவிடுகிறார். வரைபடத்தில் அது அழகாகத்தான் இருக்கும். ஃபேன் இறக்கை விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே ஓடும்போது ஒவ்வோர் இறக்கையும் ஒரு நிழலை வீசுகிறது. நிமிடத்துக்கு 300 முறை சுற்றும் மூன்று இறக்கை ஃபேன், நொடிக்கு 15 நிழல்களை வீசும். அந்த வேகத்து மினுக்கல்தான் கண்ணை மிகவும் உறுத்துவது; நாளிதழ் விரித்துப் படிப்பவருக்குத் தலைவலியே வந்துவிடும்.

எவ்வளவு விலக்கி வைப்பது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். வழக்கமான 1200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் வரை நீளும். இறக்கை சீலிங்குக்கு 30 சென்டிமீட்டர் கீழே சுற்றுவதாகக் கொள்வோம். 120 பாகை விரிந்து ஒளி தரும் பேனல் விளக்கின் கதிர், அந்த 30 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் பக்கவாட்டில் ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் பரவிவிடும். ஆக, ஃபேனின் நடுப்புள்ளியிலிருந்து ஏறக்குறைய 112 சென்டிமீட்டராவது தள்ளியிருந்தால்தான் ஒளி இறக்கையில் படாது. பத்தடி அகல அறையில் நடுவிலிருந்து சுவர் 150 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே விளக்கு சுவரிலிருந்து ஓரடி, ஒன்றேகால் அடிக்குள் வந்துவிட வேண்டும். 36 பாகைக்குள் குவித்து எரியும் விளக்கானால் 70 சென்டிமீட்டர் விலகல் போதும், ஆனால் வெளிச்சம் தரையில் வட்டம் வட்டமாகத் திட்டு விழும்.

இத்தனை கணக்கும் வேண்டாம் என்றால், நம் தாத்தா காலத்து வழக்கமான, சுவரில் ஏழெட்டு அடி உயரத்தில் டியூப்லைட் பட்டி மாட்டும் முறைக்கே திரும்பலாம். ஃபேன் மேலே, விளக்கு கீழே; நிழலுக்கு வழியே இல்லை. ஃபால்ஸ் சீலிங் மோகம் வந்த பிறகு இதைப் பழைமை என்று ஒதுக்குகிறார்கள்; இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்த்ததில்லை.

மேல்மாடியில் டவுன்லைட்டுகள் அடிக்கடி போய்விடுகின்றன. கீழே அதே விளக்குகள் நன்றாக எரிகின்றனவே?

மேல்தளத்துக் கான்கிரீட்தான் காரணம். அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூரின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் அதை மாலையிலிருந்து நள்ளிரவு வரை உள்ளே கக்குகிறது. நாம் விளக்கு போடும் நேரமும் அதுவே. தளத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் இடையிலுள்ள குறுகிய, காற்றோட்டமற்ற இடைவெளியில்தான் டிரைவர் கிடக்கிறது. எல்.இ.டி. தன் வெப்பத்தைக் குண்டு பல்பைப் போல முன்பக்கம் கதிராக வீசுவதில்லை; பின்பக்க உலோகத்தின் வழியே அதே இடைவெளிக்குள் விடுகிறது.

டிரைவரில் முதலில் சாகும் உறுப்பு எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் ஆயுள் மணிக்கணக்கு இந்தச் சூட்டுக்குரியதன்று.

மேல்மாடிக்குச் சீலிங்கின் வெளிப்பக்கம் திருகிப் பொருத்தும் சர்ஃபேஸ் விளக்குகளையோ, சுவர் விளக்குகளையோ தேர்ந்தெடுக்கலாம். பதிக்கும் வகைதான் வேண்டும் என்றால், டிரைவர் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாகவும், பின்பக்கம் கனமான அலுமினியத் தகடு உடையதாகவும் பார்த்து வாங்குங்கள். அதன்மேல் வெப்பத்தடுப்புப் பஞ்சைப் போட்டு மூடாதீர்கள். டிம்மர் இங்கே சற்று உதவுகிறது. குறைத்து எரித்தால் சூடும் குறையும், ஆயுளும் கூடும்.

ஓர் அறைக்கு எத்தனை வாட் வேண்டும்?

வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். அது தரும் ஒளிக்கு லூமென்தான் அளவு. நல்ல 9 வாட் பல்பு ஏறக்குறைய 900 லூமென் தரும். பத்துக்குப் பத்து அறையின் பரப்பு சுமார் 9 சதுர மீட்டர். அந்த ஒளி முழுவதும் வீணாகாமல் தரையில் விழுந்தால் 100 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 100 லூமென் ஆகும். உண்மையில் சுவரும் கூரையும் விழுங்கியது போக அதில் ஒரு பங்குதான் தேறும். அடர்பச்சையோ கருநீலமோ அடித்த சுவரானால் இன்னும் குறையும். படுக்கையறைக்கு இது தாராளம். பிள்ளைகள் படிக்கும் மேசைக்குப் போதாது; அதற்காக அறை முழுவதையும் பளிச்சென்று ஆக்குவதைவிட, மேசையருகே தனி விளக்கு வைப்பது மேல். தூரம் பாதியானால் அதே விளக்கின் ஒளி நான்கு மடங்காகும்.

ஜீரோ வாட் பல்பு என்று நாம் வாங்கும் பழைய இரவு விளக்கு பெயரில்தான் ஜீரோ. சுமார் 15 வாட் எடுக்கும். பூசையறையில் அது இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தால், அரை வாட் எல்.இ.டி.க்கு மாற்றிவிடுங்கள்.

வெள்ளை ஒளியா, மஞ்சள் ஒளியா?

ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண் 2700, 3000 கெல்வின் என்றால் குண்டு பல்பின் மஞ்சள், 4000 நடுநிலை, 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் பக்கத்தில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு 6500 வாங்குகிறார்கள். மஞ்சள் ஒளி என்றால் லோ வோல்டேஜ் என்ற நினைவு போகவில்லை போலும். உழைக்கும் இடத்துக்கு 4000, உறங்கும் இடத்துக்கு 3000 என்பது என் தேர்வு.

கெல்வினைவிட நான் முதன்மையாகப் பார்ப்பது சி.ஆர்.ஐ. என்னும் எண்ணை. பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரையிலான அளவு அது. ஆரணிப் பட்டின் அரக்கும் மாம்பழ மஞ்சளும் 70 சி.ஆர்.ஐ. விளக்கில் செத்துப்போய்த் தெரியும். கடையில் பிடித்த புடவை வீட்டில் பிடிக்காமல் போவதில் விளக்குக்கும் ஒரு பங்கு உண்டு. பீரோ இருக்கும் அறைக்கும், கண்ணாடி முன்னும் 90 உள்ளதை வாங்குங்கள். ஒன்று கவனிக்க: குண்டு பல்பைக் குறைத்தால் ஒளி சிவந்துகொண்டே போகும், சாதாரண எல்.இ.டி. குறைந்தாலும் நிறம் மாறாது. 6500 கெல்வின் விளக்கை டிம்மரில் தாழ்த்தினால் அறை சோகையாகத் தெரியும்.

சமையல் மேடையில் என் நிழலே விழுகிறது.

விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வாட் கூட்டினால் நிழல்தான் அழுத்தமாகும். மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய எல்.இ.டி. டியூப் பொருத்துங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறும்.

லாங் பஜார் பக்கத்தில் எங்களுடையது பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. தொங்கும் சரவிளக்கு மாட்டி டிம்மர் வைக்க முடியுமா?

மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, பிடிப்பு: செங்கலும் சுண்ணாம்பும் உதிரும் தளத்தில் ரால்பிளக் அடித்துத் தொங்கவிடக் கூடாது, தேக்கு உத்தரத்தில் கொக்கி போட வேண்டும். உத்தரத்தில் செல் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். இரண்டாவது, எர்த்: பழைய வீடுகளில் சீலிங் ரோஸ் வரை இரண்டு வயர்கள்தான் வந்திருக்கும். உலோக உடல் கொண்ட விளக்குக்குப் பச்சை வயர் கட்டாயம். அதைப் புதிதாக இழுக்காமல் பித்தளைச் சரவிளக்கு மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெயினில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். மூன்றாவது, வயரின் உறை: மரக் கேசிங்குக்குள் பல பத்தாண்டு கிடந்த வயர், வளைத்தால் உறை பொரிந்து கொட்டும். அப்படியானால் விளக்குக்கு முன் வயரிங்தான் வேலை. வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தர நெறிகள் இருக்கின்றன. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு இவை தெரிந்திருக்கும்.

அத்தகைய வீட்டின் விளக்கு மாடங்களை மட்டும் பூசி அடைத்துவிடாதீர்கள். ஒரு சிறு 3000 கெல்வின் விளக்கை உள்ளே மறைத்து வைத்தால் நடைக்கு அதைவிட நல்ல இரவு விளக்கு அமையாது.

ஈசலும் பல்லியும் விளக்குக்குள் போகாமல் தடுப்பது எப்படி?

முழுக்க மூடியதாகவும், பின்னால் வயர் நுழையும் துளையில் ரப்பர் அடைப்பு உள்ளதாகவும் வாங்குங்கள். மேல்பக்கம் திறந்த கிண்ணம் போன்ற கண்ணாடி விளக்குகள் ஐப்பசி அடைமழையில் ஈசல் குவியலாகிவிடும். வாசல் விளக்குக்கு மஞ்சள் ஒளி போட்டால் பூச்சி சற்றுக் குறைவாக வரும்.

இன்வெர்ட்டர் ஓடும்போது டிம்மர் வேலை செய்யுமா?

சைன் வேவ் இன்வெர்ட்டரானால் செய்யும். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் வகையில் மின்சார அலை சதுரமாக இருப்பதால் டிம்மர் தடுமாறும். விளக்கு மினுக்கும், சத்தமிடும். அந்த வீடுகளில் டிம்மர் விளக்குகளை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்காமல், ஒரு சாதாரண விளக்கை மட்டும் அதில் கொடுத்துவிடுவது எளிது.

டிம்மர் வைத்தால் ஈ.பி. பில் குறையுமா?

குறையும், ஆனால் பெரிதாக எண்ண வேண்டாம். 9 வாட் பல்பு நாளைக்கு 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட், பத்துப் பல்புக்கு 27 யூனிட். பாதியாகத் தாழ்த்தினால் 13 யூனிட் மிஞ்சும். வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் உள்ள நம் மாநிலத்தில், டிம்மரின் விலை பில்லில் திரும்பி வருவதற்கு நெடுங்காலம் ஆகும். டிம்மரைக் கண்ணின் வசதிக்காக வாங்குங்கள். ஒளியை அளவில் பாதியாக்கினாலும் கண்ணுக்கு அது பத்தில் ஏழு பங்கு போலவே தோன்றும். கால் பங்காக்கினால்தான் பாதி போலத் தெரியும்.

பில்லே நோக்கம் என்றால் எட்டு விளக்குகளை ஒரே சுவிட்சில் கட்டாமல், மூன்று சுவிட்சுகளாகப் பிரித்துவிடுங்கள். செலவு ஒன்றிரண்டு சுவிட்சும் சிறிது வயரும்தான்; மினுக்கலும் இல்லை.

போனில் குறைக்கும் ஸ்மார்ட் பல்பு வாங்கிவிட்டோம். சுவரில் டிம்மரும் இருக்கலாமா?

இருக்கக் கூடாது. அந்தப் பல்புக்குள்ளேயே குறைக்கும் சுற்று இருக்கிறது. அதற்கு முழு மின்சாரம் போக வேண்டும். டிம்மரைக் கழற்றிச் சாதாரண சுவிட்ச் போடுங்கள்.

கடையில் என்ன பார்த்து வாங்குவது?

எல்.இ.டி. பல்புக்கும் டிரைவருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனப் பதிவு எண் அச்சிட்டிருக்க வேண்டும். பல்பை, அழுத்தித் திருப்பி மாட்டும் 'பின்' ஹோல்டருக்கு வாங்குகிறீர்களா, திருகு ஹோல்டருக்கா என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். சுவர்ப் பெட்டியின் ஆழத்தையும் அளந்து போங்கள்: டிம்மர் சாதாரண சுவிட்சைவிடப் பின்பக்கம் நீளமானது, பழைய ஆழமில்லாத பெட்டியில் வயரோடு திணித்தால் முகப்பு மூடாது, காற்றில்லாமல் சூடும் ஏறும். மாடிப்படிக்கு மேலும் கீழும் சுவிட்ச் வேண்டுமென்றால், டூவே இணைப்புக்கு ஏற்ற டிம்மர் என்று கேட்டு வாங்கி, அதை ஒரு முனையில் மட்டும் வையுங்கள். மறுமுனையில் சாதாரண டூவே சுவிட்ச்தான் வர வேண்டும்.